கிராணிக்குக் கஞ்சி

ஆகஸ்ட் 19, 1957. திங்கள்

காலையிலிருந்து மழை. ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் வெள்ளை நூல், பித்தான் வாங்கினேன். சுதந்திர ஊர்வலத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளின் சட்டை இன்னும் பதினாறு பாக்கி.

மகள் கிரேஸ் டியூட்டி முடிந்து வந்தாள். நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் தையல் மெஷின் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, எங்க வார்டுக்கு ஒருத்தர் வந்திருக்கார். பக்கவாதம். வலது கை, வாய் ரெண்டும் இழுத்துக்கிச்சு. பேரு தங்கராஜ். பழைய எஸ்டேட் கிராணி, ஆபீஸ்ல கணக்கு எழுதினவர்."

மெஷினை நிறுத்திவிட்டேன். ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் எஸ்டேட்டிலிருந்து சயாம் ரயில் பாதை போட ஆள் பட்டியல் எழுதினவன். என் வீட்டுக்காரர் சாமுவேல் பெயரை எழுதினதும் அவன்தான். லோரியில் ஏறினவர் திரும்பவில்லை. கிரேஸுக்கு அப்போது ஆறு வயது.

ஜெபம் செய்யாமலே படுத்தேன்.

20, செவ்வாய்

வெயில். சட்டை நான்கு முடிந்தது. ஒரு காலர் கோணல், பிரித்தேன்.

வார்டை மாற்றிக் கேள் என்றேன் கிரேஸிடம். விஷயம் தெரிந்து மேட்ரனே மாற்றித் தருவதாகச் சொன்னாராம். இவள் வேண்டாம் என்றுவிட்டாளாம்.

"உனக்குக் கோபமே வரலையா?"

"வருதும்மா. மருந்து கொடுக்கிறப்ப அவர் முகத்தைப் பார்க்க முடியல. ஆனாலும் கொடுத்துட்டேன். மனசு சரியான பிறகுதான் ஆண்டவருக்குக் கீழ்ப்படியணும்னா நான் கிழவியாயிடுவேன்."

ஆஸ்பத்திரிச் சோறு அவனுக்கு இறங்கவில்லையாம். கஞ்சி வைத்துத் தரச் சொன்னாள்.

"என் கையாலயா? செத்தாலும் மாட்டேன்."

22, வியாழன்

எழுந்ததும் அடுப்படியில் தீய்ந்த வாசனை. கிரேஸ் தானே கஞ்சி வைத்திருக்கிறாள். அடிப்பிடித்துவிட்டது. அதையே டிபன் கேரியரில் ஊற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். என்மேல் ஒரு குறை சொல்லவில்லை.

இரண்டு தடவை விரலில் ஊசி குத்திக்கொண்டேன். கர்த்தருடைய ஜெபத்தை அவளுக்கு மனப்பாடம் செய்வித்தவள் நான். அதில் மன்னிப்பு வரி வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். பதினாலு வருஷமாக. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். கி.க்குத் தெரியுமோ?

25, ஞாயிறு

ஆராதனையில் போதகர் என்ன பேசினார், ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்து அரிசியை வறுத்து உடைத்தேன். பூண்டு, வெந்தயம். கி. பார்த்தாள். கேரியர் மூடியைத் தேடித் தந்தாள்.

வார்டு. கட்டிலில் எலும்பும் தோலுமாய் ஒரு மனுஷன். இத்தனை வருஷம் நான் வெறுத்த ஆள் இவன்தானா? பார்த்ததுமே என்னைத் தெரிந்துகொண்டான். வாய் குழறியது.

"லிஸ்ட்ல... என் தம்பி பேரு இருந்துச்சு. அத அடிச்சிட்டு... சாமுவேலை எழுதினேன்."

இது எனக்குத் தெரியாது. கரண்டி பாதியில் நின்றது. எழுந்து போயிருப்பேன். எதிர்க் கட்டிலில் கி. ஒரு சீனக் கிழவருக்குப் போர்வை சரிசெய்துகொண்டிருந்தாள். முதுகு நிமிர்ந்து, அவள் அப்பா நிற்பது மாதிரியே. நான் வந்ததற்காக ஒரு பார்வைகூட இந்தப் பக்கம் இல்லை. என் முடிவை என்னிடமே விட்டிருந்தாள்.

ஆண்டவரே, நீர் சொன்னதால் மட்டும்.

"வாயைத் திறங்க, கிராணி."

கடைசிச் சொட்டுவரை ஊட்டினேன். மன்னித்தேன் என்று சொல்ல வரவில்லை. அழுதது அவர்தான்.

28, புதன்

- சட்டை பதினாறும் ஒப்படைத்தாயிற்று.
- மண்ணெண்ணெய், தேங்காய்.
- கஞ்சி, நான்காவது நாளாக.
- ஜெபத்தில் அந்த வரியைச் சத்தமாகச் சொன்னேன். கி. கண்ணைத் திறக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

31, சனி

எங்கள் காஜா பெராங் தெரு முழுக்கக் கொடி. "மெர்டேக்கா! சுதந்திரம்!" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டே போனார்கள். பஸ் கிடைக்கவில்லை. நடந்தே ஆஸ்பத்திரி.

கிராணி இன்று இடது கையால் தானே நான்கு வாய் குடித்தார். கி. பக்கத்தில் நின்று எண்ணினாள். பிறகு வேறு கட்டிலில் யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

வார்டு துடைக்கும் மலாய்க்கார அம்மா வாளியை வைத்துவிட்டு மலாயில் கேட்டார்: "தினமும் வருகிறாயே, இந்த மனுஷனுக்கு நீ என்ன உறவு?"

நான் கி. நின்ற கோடியைக் காட்டினேன்.

"அதோ, அந்த நர்ஸ் மிஸ்ஸியோட அம்மா."

கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. இருந்தாலும் வார்டு முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன்.