மூன்று நட்சத்திரக்காரர்கள்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நான், பாப்பா, உங்கம்மா மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். அங்கே உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். போனில் கேட்டால் சூப்பரா இருக்கேன் என்கிறீர்கள். கல்யாணமாகி இந்தப் பதினாலு வருஷத்தில் நீங்கள் ஒரு நாளும் சூப்பராக இருந்ததில்லை. ஏதோ ஓடுது என்பதுதான் உங்கள் வாயிலிருந்து வரும் பதில். இந்த சூப்பர், உங்கள் பவுடர் கம்பெனி லீடர் கோட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தது. அந்த வளைகுடா வெயிலில் மனுஷன் எப்படித்தான் கோட்டு போட்டுக்கொண்டு திரிகிறாரோ.

அதனால்தான் போனை வைத்துவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். போனில் நான் ஒன்று கேட்டால் நீங்கள் மீட்டிங்கில் பேசுகிற மாதிரி ஒன்று சொல்கிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முழுசாகப் படியுங்கள், அப்புறம் கோபப்படுங்கள்.

முதலில் நல்ல செய்திகள். குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. உங்கள் டூல் பெட்டியைத் திறந்து, ஸ்பேனரை எடுத்து, நானே வாஷர் மாற்றினேன். இரண்டாவது தடவைதான் சரியாக வந்தது, முதல் தடவை சுவரெல்லாம் குளித்தது. பாப்பாவுக்குப் பல்லில் கம்பி போட்டாயிற்று. சிரிப்பதே இல்லை, ஆனால் பேச்சு குறையவில்லை. கடையில் முதலாளி காலை நேரம் முழுக்க என் பொறுப்பில் விட்டுவிட்டார். மருந்துச் சீட்டைப் படிப்பதில் நான் அவரைவிடக் கெட்டிக்காரி என்று அவரே வந்தவர்களிடம் சொல்கிறார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, மறைப்பானேன்.

உங்கம்மாவுக்கு நீங்கள் அனுப்பிய சத்துப் பவுடரில் ஒரு டின் கொடுத்தேன். ஒரு மாதம் பாலில் கலந்து குடித்தார்கள். மூட்டு வலி போகவில்லை. டின் மட்டும் நல்ல கெட்டி என்று கழுவி, அதில் பொத்தான்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இனி, தெரிந்தவர்கள் நூறு பேரை எழுதச் சொல்லி நீங்கள் அனுப்பிய அந்தக் கம்பெனிப் படிவத்துக்கு வருகிறேன். தினமும் லிஸ்ட் ஆச்சா, லிஸ்ட் ஆச்சா என்று கேட்கிறீர்கள். ஆச்சு, ஆகிக்கிட்டிருக்கு என்று இரண்டு மாதமாக மழுப்பிக்கொண்டிருந்தேன். உங்களிடம் நான் இப்படி மழுப்பியது இதுதான் முதல் தடவை. என் மனசு சரியாக இல்லை.

அது வந்த அன்று நீங்கள் கூடவே ஒரு கடிதம் வைத்திருந்தீர்கள். நான் முப்பது பேரைச் சேர்த்தால் நீங்கள் கம்பெனியில் கோல்டு மெம்பர் ஆகிவிடலாம், அவர்கள் ஆளுக்கு மூன்று பேரைச் சேர்த்தால் அவர்கள் வாங்குவதில் நமக்கும் பங்கு வரும், இரண்டே வருஷத்தில் நீங்கள் ஒரேயடியாக வீட்டுக்கு வந்துவிடுவீர்கள் என்று. அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். அந்த வரிக்காகத்தான் பேனாவைக் கையில் எடுத்தேன். உங்களை வீட்டுக்கு வரவழைக்க நூறு பேர் என்ன, ஆயிரம் பேர் எழுதச் சொன்னாலும் எழுதியிருப்பேன்.

நூறு வரிகள். பெயர், போன் நம்பர், என்ன பழக்கம், கடைசிக் கட்டத்தில் நட்சத்திரம். சும்மா தெரிந்தவருக்கு ஒன்று, நன்றாகப் பழகியவருக்கு இரண்டு, நம் பேச்சை அப்படியே நம்புகிறவருக்கு மூன்று. மூன்று நட்சத்திரக்காரர்களிடமிருந்து தொடங்கவும் என்று கீழே அச்சடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து நாற்பத்தொரு பேர் எழுதினேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவே இருந்தது. பாப்பாவின் வகுப்பு டீச்சர், பேக்கரி அக்கா, எனக்குப் பிரசவம் பார்த்த நர்ஸ் என்று எழுத எழுத, இந்த ஊரில் நமக்கு இத்தனை பேரா என்று மலைப்பாக இருந்தது. அதில் பத்தொன்பது பேருக்கு மூன்று நட்சத்திரம் போட்டேன்.

முதல் பெயர் எதிர் பில்டிங் டெய்லர் அண்ணன். உங்கள் கல்யாணக் கால்சட்டையை இரண்டு தடவை இடுப்புப் பிரித்துக் கொடுத்தாரே, அவரேதான். இரண்டு டின் கொண்டுபோனேன். எங்க வீட்டுக்காரர் அனுப்பினதுண்ணே, உடம்புக்கு நல்லது, சுகருக்குக்கூட நல்லதுன்னு சொல்றாங்க என்றேன். பவுடரைப் பற்றி இவ்வளவுதான் சொன்னேன். டின்னை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நீயே சொல்றியேம்மா, அப்புறம் என்ன என்று பணத்தை எடுத்துக் கொடுத்தார். உங்களுக்குத் தெரிந்தவர்களையும் இப்படி எழுதிக் கொடுங்கள் என்று என் லிஸ்டைக் காட்டி, நட்சத்திரம் போடுவதையும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

கடையில் யார் எந்தத் தேதிக்கு வருவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். டெய்லர் அண்ணன் நாலாம் தேதிக்காரர், சுகர் மாத்திரை ஒரு மாதத்துக்கு வாங்குவார். அந்த மாதம் நாலு போயிற்று, ஏழு போயிற்று, ஆளைக் காணோம். மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று விட்டுவிட்டேன். பதினொன்றாம் தேதி பார்த்தால் அவர் கடை திறந்திருக்கிறது, மிஷின் சத்தம் கேட்கிறது. கவுண்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

மிஷினுக்குக் கீழே வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள். தாகம் அடங்கவே மாட்டேங்குதும்மா என்றார். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். மாத்திரை எங்கே என்று கேட்டேன். நீ குடுத்த பவுடர்தான் இருக்கே, ரெண்டும் எதுக்குன்னு நிறுத்திட்டேன் என்றார். ஒரு மாதமாக நிறுத்தியிருக்கிறார். மாத்திரையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தாதீர்கள் என்றும் சொல்லவில்லை. மருந்துக்கடையில் பதினோரு வருஷமாக நிற்கிறவள் சொல்ல வேண்டிய முதல் வார்த்தையைச் சொல்லாமல் வந்திருக்கிறேன்.

விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்தேன், நானூறைத் தாண்டியிருந்தது. வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நாலு நாள் படுத்திருந்தார். இப்போது பயம் ஒன்றுமில்லை, பழையபடி தைக்கிறார், பழைய கண்ணாடியே போதும் என்கிறார். இந்த மாதம் நாலாம் தேதி காலையில் கடை திறக்கும்போதே வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மாத்திரையை எண்ணுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நான்தான் சரியான அளவு குடிக்கலையோ என்னவோ என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். அதோடு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். எனக்காக ஒன்பது பேர் எழுதி வைத்திருந்தார். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒவ்வொரு பெயருக்கும் நட்சத்திரம். முதலில் அவர் மகள் பெயர், மூன்று நட்சத்திரம்.

வீட்டுக்கு வந்து என் லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் எல்லாம் என்னிடம் வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்கள். மூன்று போட்டவர்களுக்கு என்னிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. அந்தப் பத்தொன்பது பேரைத்தான் முதலில் பிடிக்கச் சொல்கிறது உங்கள் கம்பெனி. அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டேன். டெய்லர் அண்ணனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்று மல்லுக்கட்டினார், மிஷின் டிராயரில் போட்டுவிட்டு வந்தேன். மிச்ச டின்களைக் குரோட்டன்ஸ் செடிக்குக் கொட்டினேன். செடி பிழைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நீயும் மருந்து விற்றுத்தானே சம்பளம் வாங்குகிறாய் என்பீர்கள். இதை நானும் இரண்டு நாள் யோசித்தேன். ஒருவருக்கு ஒரு மருந்து தேவையில்லை என்றால் தேவையில்லை என்று சொல்லி அனுப்புகிறேன். முதலாளி முறைப்பார், ஆனால் அதற்காக என்னை நிறுத்திவிட மாட்டார். வாங்கினவரையே இன்னும் மூன்று பேரைக் கூட்டி வரச் சொல்லி நான் அனுப்புவதில்லை. பாப்பாவிடம் உங்கள் திட்டத்தைச் சொன்னேன். மூணு, ஒம்பது, இருபத்தேழு என்று நோட்டில் போட்டுக்கொண்டே போனாள். பக்கம் முடிவதற்குள் ஊர் முடிந்துவிட்டது. கடைசியா நிக்கிறவங்க யார்கிட்டம்மா விப்பாங்க என்று கேட்டாள். நான் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

இப்போது சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கும். உங்கள் ரூமில் நீங்கள் சேர்த்துவிட்ட மூன்று பேரில் அந்தப் புது வெல்டர் தம்பி, முதல் மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பாமல் ஒரு பெட்டி பவுடர் வாங்கினார் என்று பெருமையாகச் சொன்னீர்கள். அவர் ஏன் வாங்கினார்? ஏர்போர்ட்டில் போய் அழைத்து வந்தது நீங்கள். முதல் நாள் சோறாக்கிப் போட்டது நீங்கள். ஹெல்மெட் பெல்ட்டைச் சரி செய்துகொடுத்தது நீங்கள். அவருக்கு உங்களிடம் வேண்டாம் என்று சொல்ல எப்படி வாய் வரும்? அவரிடம் நீங்களே பேசுங்கள். பெட்டிப் பணத்தை நாம் கொடுத்துவிடலாம். உங்கள் மானம் போகும், தெரியும். என் மானம், பவுடரைக் கொடுத்தது யார் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் கேட்டபோதே போயிற்று. போனால் ஒன்றும் ஆவதில்லை, மறுநாள் பசிக்கத்தான் செய்கிறது.

உங்களை நான் குறை சொல்லவில்லை. உங்கப்பா தவறிய வாரம் லீவு கிடைக்காமல் அங்கேயே நீங்கள் முடங்கிக் கிடந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கோட்டுக்காரர்தான். அவர் டீ வாங்கி வந்து கொடுத்ததை நீங்கள் போனில் அழுதுகொண்டே சொன்னீர்கள். அடுத்த வாரமே நீங்கள் அவர் லிஸ்டில் சேர்ந்துவிட்டீர்கள். அன்று நான் பக்கத்தில் இருந்திருந்தால் உங்களுக்கு எந்தக் கோட்டும் தேவைப்பட்டிருக்காது. இது என் ஆற்றாமை.

கோல்டு ஆகித்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது? வாடகை கொடுக்க என் சம்பளம் இருக்கிறது. தெருமுனையில் புதிதாக வந்திருக்கிற ஏ.சி. சர்வீஸ் கடையில் ஒழுங்காக ஃபோன் எடுக்கக்கூட ஆள் இல்லை, உங்களை மாதிரி வேலை தெரிந்த மெக்கானிக்கைக் கண்டால் விட மாட்டார்கள். நாங்கள் இங்கே கஷ்டப்படவில்லை. சிரிக்கிறோம், சண்டை போடுகிறோம், நேரத்துக்குச் சாப்பிடுகிறோம். நீங்கள் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

கடைசியாக ஒரு விஷயம். பள்ளிக்கூடத்தில் வரப்போகிற வருஷத்துக்கான ஃபார்ம் கொடுத்தார்கள். அப்பா தொழில் என்ற இடத்தில் ஏ.சி. மெக்கானிக் என்று பாப்பா எழுதினாள். பிசினஸ்னு சொல்லுன்னு அப்பா போன்ல சொன்னாரே என்று கேட்டேன். அதெல்லாம் வேணாம்மா என்றாள். அதற்குக் கீழே, அப்பா உங்களுடன் வசிக்கிறாரா என்று ஒரு கேள்வி. ஆம் என்று டிக் போட்டாள். தப்பா போட்டிருக்கேடி என்றேன். இது அடுத்த வருஷத்துக்குத்தானேம்மா என்றாள்.

நான் திருத்தவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நான் கையெழுத்துப் போட்டது பொய்யாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடவுள் துணையோடு உடம்பைக் கவனித்துக்கொண்டு, சீக்கிரம் வந்து சேர வேண்டும் என்று வேண்டும்,
உங்கள் மருந்துக்கடைக்காரி