கராஜில் பால் காய்ச்சினோம்

அனுப்புநர்:
சி. தவராசா,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், நில அளவைத் திணைக்களம்,
பாபகூரா, ஓக்லாந்து.

பெறுநர்:
கட்டடப் பரிசோதனை அலுவலர் அவர்கள்,
நகரசபை, ஓக்லாந்து.

விடயம்: நான் குடியிருந்த கராஜை இடிக்கும்படி தாங்கள் இட்ட கட்டளையைக் கைவிடாதிருக்க வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

இம்மனுவில் வருபவை:
1. நன்றி
2. வீட்டுக்காரரின் மறுப்பு
3. அதற்கு என் பதில்
4. சாட்சி பற்றிய குறை
5. வேண்டுகோள்

விரும்பிய மொழியில் எழுதலாம் என்று தங்கள் அறிவித்தலில் இருந்தபடியால் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் நான் இன்னும் பணிந்துபோவேன் என்று என் மனைவி இராசமலர் சொன்னார்.

1. சென்ற மாதம் தாங்கள் எங்கள் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைத் துடைத்ததைக் கண்டேன். அதுவரை மனைவியின் இருமலுக்குக் குளிரையும் வயதையும் காரணம் சொல்லி வந்தவன் நான். கார் நிறுத்தக் கட்டிய இடம்; யன்னல் இல்லை, தரையில் ஈரம் ஏறும், சுவரெல்லாம் பூஞ்சணம். இதை முறையிட எனக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது. தாங்களோ அன்றே எங்களுக்கு வேறிடம் ஒழுங்கு செய்து, இடிப்புக் கட்டளையும் இட்டீர்கள். இப்போதுள்ள அறைக்குள் வெயில் வருகிறது. மனைவி இருமுவதில்லை.

2. வீட்டுக்காரர் திரு. தியாகலிங்கம், அது சாமான் வைக்கும் அறை என்றும், நாங்கள் வந்துபோன விருந்தினர் என்றும் எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். அதை ஏற்றால் கட்டடம் நிற்கும். நின்றால், பூச்சடித்து அடுத்த குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவார். எங்களுக்கு அவர் எழுத்தில் ஏதும் தந்ததில்லை. அவர் எங்கள் ஊரவர், கோயிலில் முன்வரிசையில் நிற்பவர். அவரை மறுத்து எழுத நான் யார் என்று பல நாள் யோசித்தேன்.

3. புது வீட்டில் குடிபுகும்போது முதலில் பால் காய்ச்சிப் பொங்க விடுவது எங்கள் வழக்கம். சாமான் அறைக்கு எவரும் பால் காய்ச்சுவதில்லை. நாங்கள் அந்தக் கராஜில் காய்ச்சினோம். தியாகலிங்கத்தை முறைப்படி அழைத்தோம்; பட்டு வேட்டியுடன் வந்தார். மெல்பேணிலுள்ள மகன் கீதன் பார்க்கட்டும் என்று இராசமலர் அதைக் கைபேசியில் பிடித்து வைத்திருந்தார். பால் பொங்கி வழிகிறது; பின்னால் எங்கள் கட்டில் தெரிகிறது; தியாகலிங்கம் முதல் தம்ளரை வாங்கிக்கொண்டு, "அண்ணை, இனி இது உங்கட வீடு. சந்தோசமா இருங்கோ" என்கிறார். காணொளியை இத்துடன் அனுப்புகிறேன். அன்று விருந்தினராக வந்தவர் அவரே. இதை மனைவி தேடி எடுத்த அன்று மாலை, என் வாழ்நாளில் முதல் தடவையாக மேசையில் ஓங்கித் தட்டினேன். அதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

4. கராஜின் மறுபாதியில் அன்னம் என்பவர் தம் சிறிய மகள் ஸ்ருதியுடன் இன்னும் இருக்கிறார். முதியோர் இல்லமொன்றில் வேலை. தாங்கள் வந்தபோது அவர் வேலையில் இருந்தார், கதவு பூட்டியிருந்தது. சாட்சி சொல்லும்படி கேட்டேன். கராஜை இடித்தால் உங்கள் நியாயத்தையா போர்த்திக்கொண்டு படுப்பது என்று கேட்டார். அவர் முன்வரமாட்டார். ஆகவே எங்கள் இருவரைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவரைப் பற்றிய இப்பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டாமல் அனுப்பமாட்டேன்.

5. ஆகவே வேண்டுவது: இடிப்புக் கட்டளை நிலைக்க வேண்டும். ஆனால், இயந்திரம் வருமுன் அன்னத்துக்கும் மகளுக்கும், எங்களுக்குத் தந்ததுபோல ஈரமில்லாத ஓர் அறை கிடைக்க வேண்டும். அது தாமதமானால் இடிப்பும் தாமதிக்கட்டும், நான் பொறுத்திருப்பேன். இடிக்கும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால், நானும் மனைவியும் எவருக்கும் இடைஞ்சலில்லாமல் வேலிக்கு வெளியே நின்று பார்ப்போம்.

நல்ல முடிவை எதிர்பார்க்கத் துணிந்துவிட்ட,

அன்னம்

திகதி: 14.08.2025
இடம்: பாபகூரா

பிழைதிருத்தம்: நான்காம் பத்தியில் அன்னம் முன்வரமாட்டார் என்று எழுதியது தவறு. மனுவை அவருக்கு வாசித்தேன். ஐந்தாம் பத்தியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். தாங்கள் மீண்டும் வரும் நாளில் கதவைத் திறந்துவிடுவதாகவும், ஸ்ருதியின் கட்டிலைக் காட்டுவதாகவும் எழுதச் சொல்லிவிட்டு, நான் யோசிக்குமுன் பேனாவை வாங்கி, எனக்கென விட்டிருந்த இடத்தில் கையெழுத்திட்டுவிட்டார். ஆதலால் என்னுடையதை இங்கே இடுகிறேன்.

சி. தவராசா