இரு பக்கமும் சாயும் முள்

ஆரல்வாய்மொழி,
1937 அக்டோபர் 14.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான அத்தானுக்கு, உங்கள் ராகேல் தோத்திரம் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் மாமியும் பிள்ளை தங்கபாயும் சுகம். மாமிக்கு முழங்கால் வலி மட்டும் விட்டுவிட்டு வருகிறது. நீங்கள் அனுப்பிய தைலத்தைப் பூசினால் குறைகிறது என்கிறார்கள். ஆனால் அடுத்த வீட்டுக்காரர்களுக்கு மணம் காட்டுவதற்காகவே அதிகம் பூசுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். பிள்ளை இப்போது ஓடுகிறாள். முற்றத்துக் காற்றாடியைக் காட்டி அதற்கு அப்பா என்று பெயர் வைத்திருக்கிறாள். அப்பா செய்தது என்று நான் சொல்லிக் கொடுத்ததில் பாதியைத்தான் பிடித்துக்கொண்டாள்.

கொழும்பிலிருந்து உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. எப்போதும் மாமிக்கு உரக்க வாசித்துக் காட்டுவேன், இதைக் காட்டவில்லை. கராஜ் முதலாளி மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டியிருக்கிறார், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், முத்துநாயகம் அண்ணன் எழுதியதைப் பார்த்தால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றுகிறது, காற்றை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு, எதற்கும் காற்றாடிக்கு ஒரு மீட்டர் அனுப்பிவைக்கிறேன், எது வேண்டும் என்றும் ஒரு வரி. எனக்குக் கோபம் வந்தது. பாதி உங்கள் மேல், பாதி உங்கள் அண்ணன் மேல். இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். இன்னும் முழுவதும் ஆறவில்லை.

அண்ணன் எழுதியது பொய் இல்லை. விளக்கு அணைந்தது உண்மை. ஆனால் அவர் பாதியில் எழுந்து போனவர். மிச்சத்தை நான் எழுதுகிறேன், வாசித்த பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

போன மாதக் கடைசியில் நம் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தோம். நம் காற்றாடி சுற்றிப் பாட்டரியில் சேர்க்கிற மின்சாரத்தின் வெளிச்சத்தில் பாட்டுப் புத்தகம் வாசிக்கலாம் என்று சபை முழுவதும் வந்திருந்தது. அன்று மத்தியானம் முதல் காற்றே இல்லை. நம் ஊரில் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், காது அடைத்தது போல இருக்கும். பனை ஓலை ஒன்று அசையவில்லை. ஆனால் நம் காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. வாசலில் நின்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மாமி என் காதோரம் வந்து, ஏட்டி, காத்து இல்லாம இது எப்பிடி சுத்துது, எனக்கு நெஞ்சு படபடங்குது என்றார்கள். ரசலையன் உபதேசியார் கையை உயர்த்தி, இது கிருபையாக்கும், பாத்துக்கிடுங்க என்று சொல்லி, அதற்கென்றே தனியாக ஒரு ஸ்தோத்திர ஜெபம் செய்தார். நானும் ஆமென் சொன்னேன். உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

இரண்டாம் பாட்டு பாடும்போது விளக்கு மஞ்சளித்தது. மூன்றாம் பாட்டில் பூசணிப் பூ நிறத்துக்கு வந்தது. பிறகு அணைந்தே போய்விட்டது. அண்ணன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, எனக்க தம்பி கொழும்புல கெடந்து பாடுபட்டு அனுப்புகதை இவ காத்துல பறக்க விடுகா என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். போன கையோடு உங்களுக்கும் எழுதியிருக்கிறார்.

நான் மண்ணெண்ணெய் விளக்கை எடுக்கப் புறவாசலுக்குப் போனேன். அப்போது மேலே பார்த்தேன். காற்றாடி தளர்ந்து தளர்ந்து வந்து, என் கண் முன்னாலேயே நின்றது. காற்று நின்றதால் நின்றது என்று சொல்ல முடியாது, காற்றுத்தான் மத்தியானமே நின்றுவிட்டதே. விளக்கு செத்தபோது அதுவும் செத்தது. அது ஏன் என்று அடுப்படியிலும் ஆலயத்திலும் யோசித்துக்கொண்டே இருந்தேன். உபதேசியாரிடம் கேட்டால் கிருபை எடுபட்டுவிட்டது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து கேட்கவில்லை.

மறுநாள் காற்று வந்தது, பாட்டரியும் நிறைந்தது. அடுத்த தடவை காற்று அடங்கியபோது நான் காத்திருந்து பார்த்தேன். காற்றாடி சுற்றிக்கொண்டேதான் இருந்தது, அதுவும் ஒரே சீராக. நம் கணவாய்க் காற்று என்றைக்காவது ஒரே சீராக அடித்திருக்கிறதா? பாட்டரியிலிருந்து டைனமோவுக்குப் போகும் கம்பியைக் கழற்றினேன். காற்றாடி நின்றது. திரும்ப வைத்தேன். பொறி பறந்தது, காற்றாடி சுற்றத் தொடங்கியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காற்றாடி பாட்டரியை நிறைக்கவில்லை, பாட்டரிதான் காற்றாடியைச் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நாங்கள் சேர்த்துவைத்த மின்சாரத்தையெல்லாம் குடித்துக்கொண்டு அது ஊருக்கு விசிறிவிட்டிருக்கிறது. நாங்கள் அதன் கீழே நின்று ஸ்தோத்திரம் பாடியிருக்கிறோம்.

நான் சும்மா இருப்பேனா? உங்கள் அண்ணனை ஆள் விட்டு அழைத்தேன். உபதேசியாரும் வந்தார். கம்பியைக் கழற்றினேன், வைத்தேன், கழற்றினேன், வைத்தேன். அண்ணன் துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டார். உபதேசியார்தான் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், சுற்றுகிறதெல்லாம் காற்றினால் சுற்றுகிறதில்லை என்று நம் வீட்டுக் கதையையே எடுத்துப் பேசினார். பெண்கள் பக்கத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது, ஆனாலும் தலையைக் குனியவில்லை.

கோட்டாற்றில் லாரிப் பட்டறை வைத்திருக்கிற சைபுதீன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். நீங்கள் டைனமோ வாங்கியது அவரிடம்தானே, அந்த உரிமையில் வந்தார். மின்சாரம் திரும்பிப் போகாமல் தடுக்க நீங்கள் வைத்த கட்டவுட் பெட்டியைத் திறந்து பார்த்தார். காற்று அடங்கினால் விலக வேண்டிய நாக்கு கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. உப்புத்தாளால் தேய்த்துச் சரி செய்தார். உங்கள் வேலையில் ஒரு குற்றமும் சொல்லவில்லை. அயனி மரத்தில் நீங்கள் செதுக்கிய காற்றாடி இலைகளைத் தடவிப் பார்த்து, தங்கச்சி, இதுக்க ஆளு கொழும்புல ஸ்குரு முறுக்கிக்கிட்டு இருக்காரா என்று கேட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இனி மீட்டர். நீங்கள் தேக்குப் பெட்டியில் வருகிற வோல்ட் மீட்டரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது பாட்டரியின் பலத்தை மட்டும் சொல்லும். மின்சாரம் வருகிறதா போகிறதா என்று சொல்லாது. ஜெபக்கூட்டத்தன்று அது இருந்திருந்தால், விளக்கு மங்குவதை நாங்கள் கண்ணாலும் பார்த்திருப்போம், முள்ளாலும் பார்த்திருப்போம், அவ்வளவுதான். உங்கள் அண்ணனோ திருவனந்தபுரத்தில் பெரிய வீடுகளின் சுவரில் இருக்கிற மாதிரி மீட்டர் வாங்கு, அதுதான் கௌரவம் என்கிறார். அது ஊர்க்கம்பியில் வருகிற மின்சாரத்துக்குச் செய்தது. செலவைக் கூட்டிக்கொண்டே போகும், வரவைக் காட்டாது. நம் மின்சாரம் அந்த ஜாதியே இல்லை.

எனக்கு வேண்டியது அம்மீட்டர். அதிலும் முள் நடுவில் நிற்கிற அம்மீட்டர். சைபுதீன் அண்ணன் உடைந்த லாரியிலிருந்து ஒன்றைக் கழற்றி வந்து, போட்டுப் பார்க்கலாம் என்று மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். நேரா நின்னா வரத்தும் இல்ல போக்கும் இல்ல, வலத்தால சாஞ்சா உள்ள வருது, எடத்தால சாஞ்சா வெளிய போவுது, அவ்வளவுதான் தங்கச்சி என்றார். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஆலயத்துக்கு எடுத்துவைக்கிற பிடியரிசிப் பானை மாதிரிதான். ஒரு கை போடுவதும் இன்னொரு கை எடுப்பதும் தெரியாவிட்டால், பானை நிறைகிறது என்று நாம் நினைத்துக்கொண்டே இருப்போம்.

ஆனால் இந்த லாரி மீட்டர் நமக்குப் போதாது. பத்து ஆம்பியர் வரைதான் காட்டும். போன வாரம் ஒரு மத்தியானம் காற்று எழுந்தபோது முள் ஓரத்தில் போய் முட்டி அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. இந்தக் காற்றுக்கே இப்படி என்றால், ஆடிக் காற்றில் முள் முறிந்து கையில் வரும். ஆகவே இரு பக்கமும் முப்பது வரை காட்டுகிறதாகப் பாருங்கள். கண்ணாடிக்குள் தூசி புகாதபடி பட்டை இருக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், மாமி தாமும் பார்ப்பார்களாம். நம் வீட்டுக்கு வந்து நூலில் ரேந்தைப் பூவேலை பின்னுகிற பெண்கள் உட்காரும் மேசைக்கு நேர் எதிரே மாட்டப்போகிறேன். முள் இடப்பக்கம் சாய்ந்தால் யாராவது ஒருத்தி, அக்கா, போவுது என்று சொல்லிவிடுவாள், நானும் ஒரு விளக்கை நிறுத்திவிடுவேன். இப்போதே அப்படித்தான் நடக்கிறது. மண்ணெண்ணெய்ப் புகை படாததால் நூல் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து வந்த மிஷன் அம்மாள் நம் பெண்களின் ரேந்தையைச் சன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, இனி இந்த வீட்டு வேலை முழுவதையும் தாமே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று. எல்லைச் சுங்கச் சாவடியில் திருநெல்வேலி லாரிகள் வரிசையாகக் காத்துக் கிடப்பதை நீங்கள் அறிவீர்கள். பாட்டரி இறங்கிப்போன டிரைவர்கள் லாரியைத் தள்ளித்தான் கிளப்புகிறார்கள். சைபுதீன் அண்ணன் அவர்களிடம் நம் காற்றாடியைக் கைகாட்டிவிட்டார். இரண்டு பேர் வந்து, இங்க பாட்டரி ஏத்திக் குடுப்பியளா என்று கேட்டார்கள். மாமி என்னைப் பார்த்தார்கள். நான், குடுப்போம், கிறிஸ்துமஸுக்கு முந்தி ஆள் வந்திருவாங்க என்று சொல்லிவிட்டேன். யாரைக் கேட்டுச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வாயில் வந்தது, சொல்லிவிட்டேன், திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

இந்த ஊர்க் காற்றைப் பிடித்து வெளிச்சமாக்கியவர் என் மாப்பிள்ளை. இதை நான் சந்தையில் நின்றும் சொல்வேன். அவர் செய்ததைப் பழுது கண்டுபிடித்துக் காப்பாற்றியவள் நான். இதையும் சொல்வேன். நாம் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தால் என்னென்ன செய்வோம் என்று நீங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? கராஜ் முதலாளி நல்லவர், அவருக்கு நன்றி சொல்லுங்கள். காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காற்றை நம்ப வேண்டாம் அத்தான், என்னை நம்புங்கள்.

மீட்டரைப் பார்சலில் அனுப்ப வேண்டாம். முள் மெல்லியது, தபால்காரர்கள் எறிவார்கள். நீங்களே கையில் கொண்டு வாருங்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்குக் கப்பல் என்று மட்டும் முன்கூட்டி எழுதுங்கள். தினமும் காற்று கேட்டு ஜெபிக்கிறவள் நான். அந்த ஒரு நாள் மட்டும், எங்கும் காற்றே வேண்டாம், கடல் அசையாமல் கிடக்கட்டும் என்று கேட்பேன்.

கர்த்தர் உங்களைக் கரை சேர்ப்பாராக.

உங்கள் வரவு நோக்கும்,
ராகேல்.