ஒன்பது வாக்கு

சம்மாந்துறை
14.05.2025

நிப்லாவின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி ஸைனம்பு வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. நித்திரைதான் இல்லை. போனில் கதைக்கப் பயம்; கதைத்ததை றெக்கோட் பண்ணிப் பின்னேரமே முகநூலில் போட்டு விடுகிறார்கள். அதனால்தான் ஆட்டோக்கார இன்ஷாபிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

வட்டாரத்தில் நான் தோற்றது தெரிந்திருக்கும். ஆனாலும் எங்கள் தேத்தண்ணிக் கேத்தல் சின்னத்துக்கு மூன்று ஆசனம். ஒன்று எங்கள் குழுவில் கேட்ட றினாஸ் தன் வட்டாரத்தில் வென்றது. மற்ற இரண்டும் மொத்த வாக்குக் கணக்கில் பட்டியலுக்கு வந்தவை; அதில் ஒன்று கட்டாயம் பெண்ணுக்காம். சுயேச்சைக் குழுத் தலைவன் நான்தானே, ஒன்றுக்கு என் பெயரையும் மற்றதுக்கு உன் பெயரையும் கொடுத்து விட்டேன். மார்ச்சில் நீ கையெழுத்து வைத்துத் தந்த தாள் இதற்குத்தான். வெளியாளைப் போட்டால் விலைபோய் விடும்.

பயப்படாதே. ஜூன் பதினெட்டு பிரதேச சபைத் தவிசாளர் தெரிவு. என் பெயரைச் சொல்லும்போது கையைத் தூக்கு, போதும். பத்தொன்பது பேரில் உன் கையோடு எனக்குப் பத்து. அதற்குப் பிறகு நீ கூட்டத்துக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. முப்பது வருசமாக நான் கேட்டு அலைந்த கதிரை, நஸீறா.

என் அரசியல் பயணம் பற்றி நோட்டீஸ் ஒன்று அடிக்கப் போகிறேன். தேர்தல் விபரமெல்லாம் உன் அலுமாரியில் உள்ள பேப்பர் துண்டுகளில் இருக்கும். பார்த்து எழுதி அனுப்பு.

பக்கீர் முகைதீன்


தோணாக்கரை வீதி
17.05.2025

நிப்லாவின் வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். பிறசர் குளிசை இன்ஷாபிடம் கொடுத்திருக்கிறேன். வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

கேட்ட விபரம்: 1994, தோல்வி. நிப்லா வயிற்றில். மேடை அலங்காரத்துக்கு என் கல்யாணச் சாரியைக் கொண்டுபோனீர்கள், இன்னும் திரும்பி வரவில்லை. 2006, வெற்றி. 2011, வெற்றி, விருப்பு வாக்கில் இரண்டாவது. தவிசாளர் பதவி கிடைக்கவில்லை என்று மூன்று நாள் என்னோடு கோபம், நான் என்ன செய்தேன்? 2018, தோல்வி, ஒன்பது வாக்கு. 2025, தோல்வி. இதற்கிடையில் சின்னம் நாலு மாறி விட்டது. ஆட்களுக்கெல்லாம் சோறு சமைத்த கிடாரம் மட்டும் அதேதான், இங்கே என் குசினியில்தான் கிடக்கிறது.

அந்தத் தாளை நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன் என்றா நினைத்தீர்கள்? இரண்டு தரம் வாசித்தேன். வருவேன், எல்லாக் கூட்டத்துக்கும் வருவேன். சந்தையில் மரக்கறி விற்கும் பெண்களுக்கு ஒரு மலசலகூடம் இல்லை. முதல் பேச்சு அதுதான்.

நஸீறா


சம்மாந்துறை
25.05.2025

நஸீறாவுக்கு,

உனக்கென்ன பைத்தியமா? பெரிய மனிசர் முன்னால் எழும்பி மலசலகூடம் கதைக்கப் போகிறாயா? 2018இல் மேடையில் நான் சொன்னதை இன்றைக்கும் சொல்லுவேன்: "பொம்புளையளுக்குச் சபையில என்ன வேல? குசினிதான் அவங்கட சபை." கை தூக்கத்தான் உன்னைப் போட்டேன், வாய் திறக்க இல்லை.

நோட்டீசில் இன்னொன்றும் எழுதப் போகிறேன். அந்த ஒன்பது வாக்கை அழகரெத்தினம்தான் விற்றான். அடுத்த வீதித் தமிழ் வாக்கெல்லாம் அவன் கையில் இருந்தது. இருபது வருசம் என் தேர்தல் வேலையை நம்பிக் கொடுத்தேன். அப்படிப்பட்டவன் நான் தோற்ற கிழமை வாசலுக்கு வந்தபோது நீ சோறு போட்டாய். "அவன் வந்தா நான் இரிக்கமாட்டன்" என்றேன். "இது என்ட சீதன வீடு, வாசலுக்கு வந்த மனிசன நான் போகச் சொல்லமாட்டன்" என்றாய். ஏழு வருசமாகத் தங்கச்சி வீட்டில் கிடக்கிறேன்.

ப. முகைதீன்


தோணாக்கரை வீதி
29.05.2025

நிப்லாவின் வாப்பாவுக்கு,

கையைக் கழுவிவிட்டு வந்து எழுதுகிறேன். அந்த நோட்டீசை அடிக்காதீர்கள்.

நீங்கள் அந்தப் பேச்சுப் பேசிய நேரம் ஒலிபெருக்கி எங்கள் மதிலில்தான் கட்டியிருந்தது. பின் வளவில் உங்கள் ஆட்களுக்கு நாங்கள் பன்னிரண்டு பெண்கள் சமைத்துக்கொண்டு நின்றோம். நான் அகப்பையைக் கீழே வைத்தது மட்டும் ஞாபகம். தேர்தலன்று தனித்தனியாகத்தான் போனோம். வந்த பிறகுதான் ஒருத்தியை ஒருத்தி கேட்டோம். பன்னிரண்டு பேரும் மற்றச் சின்னத்துக்கே போட்டிருந்தோம். ஓம், நானும்தான்.

அழகரெத்தினம் வந்த அன்று அவரிடம் இதைச் சொல்லி அழுதேன். "அக்கா, இத ஒருத்தரிட்டயும் சொல்லாதீங்க. பழி என்ட தலையில இரிக்கட்டும், உங்கட குடும்பம் குலையப்படாது" என்றார். குடும்பம் அதே கிழமை குலைந்தது. அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. அது என் பிழை, அல்லாஹ் மன்னிக்கட்டும். நேற்று அவர் வீட்டுக்குப் போய் நான் மன்னிப்புக் கேட்டேன்.

இனி உங்கள் முறை. அவர் வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். போனால் பதினெட்டாம் திகதி என் கை உங்களுக்கு. போகாவிட்டால் இல்லை.

நஸீறா


சம்மாந்துறை
10.06.2025

நஸீறாவுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அனுப்பிய இறைச்சி கிடைத்தது. உன் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு ஒட்டி வைத்தேன். இப்படிச் செய்வாய் என்று கனவிலும் நினைக்கவில்லை.

பொம்புளை சொல்லிப் போனான் என்று இந்த நேரத்தில் ஊர் சிரிக்கக் கூடாது. நோட்டீசை நிறுத்தி விட்டேன். தவிசாளராக வந்த பிறகு அழகரெத்தினத்திடம் போகிறேன், சத்தியம். முதலில் நீ கையைத் தூக்கு.

பக்கீர் முகைதீன்


தோணாக்கரை வீதி
18.06.2025

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்று காலை உங்கள் பெயரைச் சொன்னபோது நீங்கள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நிச்சயம். உங்களோடு போட்டியிட்டவரின் பெயருக்கு என் கை எழும்பியதும்தான் பார்த்தீர்கள். அந்த முகத்தை நினைத்து இன்னும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பது வருசம் நானும்தானே அந்தக் கதிரைக்குச் சமைத்தேன்.

உங்கள் அரசியல் பயணத்தில் இதையும் சேருங்கள்: 2025, தவிசாளர் தெரிவு, பத்துக்கு ஒன்பது, ஒரு வாக்கால் தோல்வி. அந்த ஒரு வாக்கு யாருடையது என்று சபை முழுக்கக் கண்டது. இந்த முறை அழகரெத்தினத்தின் தலையில் போட முடியாது.

மலசலகூடத்துக்குப் பிரேரணை எழுதிவிட்டேன். வழிமொழிய ஒரு ஆள் வேண்டும். அடுத்த கூட்டத்துக்குள் யோசியுங்கள்.

உங்கள் சாரம் இரண்டும் கழுவி மடித்து அலுமாரியில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருவதென்றால் வாருங்கள், கேட் பூட்டவில்லை. ஆனால் பெரிய வீதியால் வராதீர்கள். அழகரெத்தினத்தின் வீட்டடியால் வாருங்கள், அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு.

நஸீறா
சபை உறுப்பினர்