பகலில் ஆளில்லாத வீடு

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அங்கே நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், இங்கே எங்களுக்கும் ஒரு குறையுமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் எழுத எழுதத் தாளில் வியர்வை சொட்டுகிறது. நீ சொன்னபடியே உன் கம்பெனி ஆட்கள் வந்து சுவருக்கு உள்பக்கம் பலகை அடித்து, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு, இண்டு இடுக்கு விடாமல் அடைத்துவிட்டார்கள். வேலை சுத்தம். கீழ்வீட்டு டீச்சர் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் இப்போது காதில் விழுவதில்லை.

உன் அப்பாதான் ஆளே மாறிவிட்டார். இப்படிச் செய்தால் கரண்ட் செலவு பாதியாகும் என்று நீ கணித்துக் கொடுத்தாயே, அது நம் வீட்டில் பலித்தால்தான் மற்ற வீடுகளுக்கும் செய்வார்கள், உன் வேலையும் நிரந்தரமாகும் என்று படியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்கிறார். காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல மீட்டரைப் போய்ப் போய்ப் பார்க்கிறார். ஆபீசுக்குக் கிளம்பும்போது ஏசி ரிமோட் அவர் சட்டைப் பையில். ஜன்னலைத் திறந்தால் வெக்கை உள்ளே வந்து தங்கிவிடுமாம், அதையும் தொடக்கூடாது. நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டால், பகல்ல வீட்ல ஆளே இல்லைன்னுதான் உன் பொண்ணு கணக்குப் போட்டிருக்கா, கொஞ்ச நாள் பொறுத்துக்கோ என்கிறார்.

உன்மேல் தப்பில்லை கண்ணு. நான் இன்னும் தையல் கடைக்குப் போய் வருகிறேன் என்றுதானே நினைத்திருக்கிறாய். முழங்கால் படி இறங்க விடவில்லை, கடையை விட்டு மாதக்கணக்காகிறது, வீட்டில் இருக்கும் தையல் மிஷினையும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று அப்பா வாயைக் கட்டினார், நானும் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் நீ போனில் பேசும்போது பக்கத்திலேயே அவர். கெட்டவர் இல்லை, வந்ததும் கால் பிடித்துவிடுவதும் அவர்தான், அதனால்தான் சண்டை போடவும் முடியவில்லை.

நேற்று தலை சுற்றி, கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றேன். கீழே டீச்சர் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள். நானும் சிரித்துக்கொண்டே ஆட்டினேன். மூச்சு முட்டுகிறது என்று எப்படிக் காட்டுவது? இன்று சாயங்காலம் அவள் மேலே வரும்போது அவளிடம்தான் இதைத் தபாலில் போடக் கொடுக்கப்போகிறேன்.

பகலிலும் ஒரு ஆள் உண்டு என்று கணக்கைத் திருத்திவிடு. திருத்தினால் உன் வேலைக்கு ஆபத்தென்றால் விட்டுவிடு, சமாளித்துக்கொள்கிறேன். இல்லை, சமாளிக்க முடியாது, திருத்து.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ எடுத்ததெல்லாம் நல்லபடியாக முடியட்டும். இனிமேல் பகலிலும் கூப்பிடு, மணி அடித்ததும் எடுப்பேன்.

இப்படிக்கு,
வீட்டிலேயே இருக்கும்
உன் அம்மா