தேங்காய் நின்ற அறுபத்து மூன்று இடங்கள்

6 அக்டோபர் 2024, ஞாயிறு

வெளிநாட்டில் புவியறிவியல் படிக்க விண்ணப்பிக்கிறவர்களுக்கு வழிகாட்டும் குழு ஒன்றில் குணா என்னைச் சேர்த்துவிட்டான். கல்லூரியில் என்னோடு நிலவியல் படித்தவன், இப்போது ஜெர்மனியில் இருக்கிறான். நானே போகாதவன்டா என்றேன். "அடுத்தவன் எழுத்துல தப்புக் கண்டுபிடிக்க உன்னைய உட்டா ஆளில்ல" என்றான். உண்மைதான். என் விண்ணப்பக் கடிதம் மூன்று வருடமாக முதல் பத்தியிலேயே நிற்கிறது. இருபத்தேழு தடவை மாற்றி எழுதியாயிற்று. ஒரு தடவையும் அனுப்பவில்லை.

எனக்கு வந்திருப்பது நித்யஸ்ரீ. வெள்ளகோவில் பக்கம். எம்.எஸ்சி. நிலவியல், கடைசி வருடம். கனடாவில் நிலத்தடி நீர் ஆய்வு. கடைசி நாள் டிசம்பர் 15.

13 அக்டோபர்

அவள் கடிதம் வந்தது. "சிறுவயது முதலே பாறைகள் என்னை ஈர்த்தன." வெட்டச் சொன்னேன். யாரைத்தான் ஈர்க்கவில்லை?

இரண்டாம் பத்தியில் அவள் அப்பா கருப்புசாமி. ஊரில் யார் போர்க்கிணறு போட்டாலும் முதலில் இவரைத்தான் கூப்பிடுவார்களாம். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு விவசாயக் காட்டைச் சுற்றி நடப்பார். அது எழுந்து நிற்கிற இடத்தில் தண்ணீர். அறிவியல் கடிதத்தில் இதற்கு என்ன வேலை? அதையும் வெட்டச் சொன்னேன். "சரிங்க சார்" என்றாள். வாதாடாத ஆள். நல்லது.

22 அக்டோபர்

நான் வேலை பார்க்கும் சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு ஆய்வகம். நாற்பத்திரண்டு குப்பிகள், உப்பு அளவு. நேற்றும் நாற்பத்திரண்டு.

3 நவம்பர்

அவிநாசி போகிற வழியில் திருமுருகன்பூண்டியில் வண்டியை நிறுத்தினேன். சிலைப் பட்டறை வாசலில் கல் சில்லுக் குவியல். ஒன்றை எடுத்து லென்ஸில் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். பட்டறைக்காரர் வெளியே வந்து, "ஏனுங்க, சிலை வேணுங்களா?" என்றார். சில்லு போதும் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

சில்லு இப்போது மேசையில். பாறையைச் சீவி நுண்ணோக்கியில் வைத்து எத்தனை நாளாயிற்று! பசி மாதிரி இருக்கிறது — இதை யாரிடம் போய்ச் சொல்ல?

17 நவம்பர்

நித்யஸ்ரீயின் நான்காவது கடிதம். தப்பே இல்லை, உயிரும் இல்லை. எதற்குத்தான் நிலத்தடி நீர் என்று போனில் எரிந்து விழுந்தேன். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து எழுதுகிறாள். அப்பா சொன்ன ஒவ்வொரு இடத்துக்கும் துளை போடும் ரிக் வண்டி பின்னாலேயே போய், எத்தனை அடி, வெளிவரும் கல்தூள் என்ன நிறம், தண்ணீர் வந்ததா என்று. அறுபத்து மூன்று இடம், நாற்பத்தொன்றில் தண்ணீர். அதே ஊர்களில் தேங்காய் பார்க்காமல் போட்ட ஐம்பது போரையும் தேடிப் பிடித்திருக்கிறாள். முப்பத்து மூன்றில் தண்ணீர்.

மனக்கணக்குப் போட்டேன். இரண்டும் ஒன்றுதான். தேங்காய்க்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்று கத்தினேன். "நீங்க வெட்டச் சொன்னீங்க. நான் சரின்னனுங்க."

எங்கள் ஊர்ச் சரிங்க! முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. நானும் இதே ஊர்தானே, தெரிந்திருக்க வேண்டாமா? மடையன்.

இதுதான் கடிதம், இதையே எழுதுங்கள் என்றேன். முதல் தடவையாக மறுத்தாள். "அப்பா அதையப் படிக்கமாட்டாருங்க. ஆனா எழுதிப்போட்டு நான் அவரு மொகத்தப் பாக்கோணுமுங்களே."

கடைசி நாளை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டு போனை வைத்தேன்.

8 டிசம்பர்

அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம்.

12 டிசம்பர்

நித்யஸ்ரீ போன் செய்தாள். அப்பாவிடம் எல்லாக் கணக்கையும் சொல்லிவிட்டாளாம். "நாப்பத்தொண்ணுல தண்ணி வந்துச்சல்ல கண்ணு, அதைய எழுது" என்றிருக்கிறார். மீதியையும் எழுத வேண்டுமே என்றிருக்கிறாள். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாராம். "எழுதிக்க. கனடாக்காரன் எங்கிட்டப் போருக்கு எடம் பாக்கவா வரப்போறான்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு அழுதாள் என்று நினைக்கிறேன்.

16 டிசம்பர், திங்கள்

அவர்கள் ஊரில் 15 முடிவது நமக்கு இன்று காலை பத்தரை மணிக்கு. 9.40க்கு அனுப்பிவிட்டாள். "என் அப்பா தேங்காய் வைத்து அறுபத்து மூன்று இடங்களில் தண்ணீர் சொன்னார், எல்லாவற்றையும் நான் எழுதி வைத்தேன்" என்று தொடங்குகிறது. நான் ஒரு சொல்லையும் தொடவில்லை.

நான் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்துக்கும் அதே பத்தரைதான் கடைசி. அதுவும் போயிற்று.

9 மார்ச் 2025

அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷம். சந்தோஷம்தானா?

24 ஆகஸ்ட்

கோவை விமான நிலையத்தில் வழியனுப்பினோம். கருப்புசாமி அண்ணன் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி, "நீங்க எப்பங்க தம்பி போறீங்க?" என்றார். வேலை இருக்குதுங்க என்றேன். அவர் அதை நம்பினார். அதுதான் தாங்கவில்லை.

9 நவம்பர்

குழுவின் இந்த வருடப் படிவம். வழிகாட்டி, விண்ணப்பதாரர் என்று இரண்டு கட்டம். இரண்டாவதில் குறியிட்டேன். வழிகாட்டியாக யாரைப் போடட்டும் என்று குணா கேட்டான். சொன்னேன். சிரித்தான், நாய்.

16 நவம்பர்

கனடாவிலிருந்து என் கடிதம் திருத்தி வந்துவிட்டது. "நொய்யல் நதி சிறுவயது முதலே என்னை அழைத்துக்கொண்டிருக்கிறது" என்ற என் முதல் பத்தி மேல் முழுக்கச் சிவப்புக் கோடு. கீழே: "இது வேண்டாங்க சார், வெட்டிருங்க. நொய்யல் யாரத்தான் அழைக்கலீங்க? தெனமும் என்ன அளக்கறீங்களோ அங்கிருந்து ஆரம்பிங்க."

கோபம் வந்தது. டீ குடித்துவிட்டு வந்து வெட்டினேன்.

16 டிசம்பர், செவ்வாய்

"நான் தினமும் நாற்பத்திரண்டு குப்பி நீரில் உப்பை அளக்கிறேன்." 9.52க்கு அனுப்பினேன். ஆய்வகத்துக்கு இன்று தாமதம்.