பிளிமத் ரொக்

இக்காஸ்ட், டென்மார்க்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்துவிட்டதா? கர்த்தர் கிருபையால் நான் நல்ல சுகம். குளிர் இன்னும் விடவில்லை. தொப்பி போடாமல் வெளியே போவதில்லை, கவலைப்படாதீர்கள்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு யென்ஸ் என்று ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். வந்த நாளிலிருந்து சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிடுவார். "என்ரை பிளிமத் ரொக்கைப் பாக்கவேணும்" என்பதைத் தவிர வேறு கதையில்லை. போனில் தேடினேன். அது அமெரிக்காவில் ஒரு கல்லாம். கப்பலில் போய்க் குடியேறியவர்கள் முதலில் கால் வைத்த இடம் என்கிறார்கள். இளமையில் அங்கே இருந்திருப்பார் என்று நினைத்து, அந்தக் கல்லின் படத்தைப் பெரிதாக அச்செடுத்து அவருடைய கட்டிலருகே ஒட்டினேன்.

கண்ணாடி போட்டுப் பார்த்தவர் கட்டில் குலுங்கச் சிரித்தார்.

"பிள்ளை, கல்லு முட்டை போடுமோ? நான் கேட்டது என்ரை கோழியை!"

கல்லுக்கும் அந்தக் கோழி இனத்துக்கும் ஒரே பெயராம், அம்மா! நான் அவருடைய மகளுக்குச் சொன்னேன். சனிக்கிழமை மகள் கறுப்பும் வெள்ளையுமாக வரிபோட்ட கோழியொன்றைக் கூடையில் கொண்டுவந்தார். யென்ஸ் அதை மடியில் வைத்து, உருளைக்கிழங்கில் பாதியை அதற்கு ஊட்டி, மீதியைத் தானே சாப்பிட்டு முடித்தார். எங்கள் பொறுப்பாளரும் காணாதது போல் போய்விட்டார்.

இங்கே வருகிற ஆட்களிடம் கூழ் காய்ச்சக் கொஞ்சம் ஒடியல் மா கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை கதைக்கும்போது போனை முற்றத்துக்குக் கொண்டு போங்கள். நீங்கள் கோழிகளைக் கூப்பிடும் சத்தம் எனக்கு வேண்டும். யென்ஸுக்குப் போட்டுக் காட்டத்தான் கேட்கிறேன்.

வேலைக்கு நேரமாகிறது.

அன்பு மகள்,
கிருபாஷினி